அரை சுருதி கீழே

காட்பாடியில் இறங்கும்போதே குர்தா முதுகில் ஒட்டியிருந்தது.
கரிகிரிக்குப் போகும் வழியில் சின்ன சபை.
பீடத்துக்கு இடப்பக்கம்
மேசைவிரிப்பு போர்த்திய பியானோ.

செயலர் எபனேசர் பட்டியலோடு நின்றார்:
சுருதியை நானூற்று நாற்பதுக்கு ஏற்ற வேண்டும்,
தந்தத்தை உரித்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக்,
முடிந்தால் உள்ளே புது இரும்பு.
"கீபோர்டோட சேர மாட்டேங்குது, அதான் குறை."

மூடியைத் திறந்தேன்.
மரச் சட்டம்.
அரை சுருதி ஏற்றினால் தாங்கலாம்.
ஒரு சித்திரை நடுப்பகலில் பிளக்கவும் செய்யலாம்.
எந்த ஊர்க் குளிரில் உட்கார்ந்து செய்தானோ,
வேலூர் வெயிலை அவனுக்கு யாரும் எழுதிப் போடவில்லை.

"அசலாகவே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே
முதல் கட்டையை உருவினேன்.
பக்கவாட்டில் பென்சில் எழுத்து:
பேரணாம்பட்டு ஆட்டுத்தோல் போட்டேன்.
பழையதைப் பூச்சி தின்றது.
வெ. சற்குணம், 1934.

எந்த அசலைக் காப்பாற்ற வந்தேன்?

ஞாயிறுதோறும் வாசிக்கும் தயாபரன்
வலது கையை விரித்தார்.
மணிக்கட்டருகே பழைய தையல் கோடு.
"இந்தக் கட்டைவிரல் குறுக்கே வர்றது
மோதிர விரலோட நாண்ல.
மூணு மாசம் அதை நினைச்சாத்தான் இது அசையும்.
அசல் கையான்னு கேட்டா என்ன சொல்ல?
இதாலதான் சோறு தின்றேன்."

எபனேசர் முகம் மலர்ந்தது.

"ஆனா கேட்டுட்டுத்தான் வெட்டினாங்க.
அசையாத இதே விரலை மையில அமுக்கி
கைநாட்டு வெச்சேன்."

பியானோவின் கைநாட்டை எங்கே வாங்க?

இரண்டு நாள் வேலை.
நைந்த தோலுக்கு ஆம்பூர்த் தோல்;
கழற்றியதை உறையிலிட்டு அடிப்பலகையில் ஆணியடித்தேன்.
தந்தம் போன மூன்று கட்டைகளுக்கு மட்டும் பிளாஸ்டிக்,
பல் கட்டியவர் சிரிப்பு மாதிரி தெரிகிறது, தெரியட்டும்.

கீபோர்டு வாசிக்கும் ரூபனைக் கூப்பிட்டேன்.
"சுருதியை ஒண்ணு இறக்குற பட்டன் இருக்கா?"
"ஒரு செகண்ட் வேலைக்கா."
அழுத்தினான். சேர்ந்தது.
உச்சத்தில் பாடும் பெண்கள்
தொண்டை பிழைத்ததென்று சிரித்தார்கள்.
எபனேசர் சிரிக்கவில்லை.
"இவ்வளவு புதுசு வாங்கி, அது இதுக்கு இறங்கணுமா?"
"அதால இறங்க முடியும். இதால ஏற முடியாது."
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்,
என்னிடமா பியானோவிடமா தெரியவில்லை.

சற்குணத்துக்குக் கீழே பென்சிலில் எழுதினேன்:
தோல், மூன்று பிளாஸ்டிக், தேதி.
பிறகு, யாரும் கேட்காத ஒன்று:
மந்தரக் கம்பி ஒன்றைத் தேவையில்லாமல் முறுக்கினேன், அறுந்தது.
புதுக் கம்பி.
தவறு என்னுடையது.