ஒன்றேகால் மீட்டர்

ஆறு வாரம் தங்க ஓர் அறை, மேசை, உதவித்தொகை.
பதிலுக்கு, ஏறிவரும் கடலைப் பற்றி
ஏதாவது செய்து காட்ட வேண்டும்.
'ஏதாவது' என்றுதான் கடிதத்திலும் இருந்தது.

அறை எண்ணூரில், மூடிப்போன ஐஸ் கம்பெனியின் மாடி.
ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கிகள்,
மூடினாலும் மேசைமேல் சாம்பல்.
முதல் வாரம் அந்தச் சாம்பலை விரலால் தொட்டு
நண்டு வரைந்தேன்.
நன்றாகவே வந்தது. அதுதான் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் தேசிங்கின் படகில் முகத்துவாரம் வரை.
ஆழம் எவ்வளவு என்றேன்.
பேசாமல் ஆற்றில் இறங்கி நின்றார்.
முழங்கால்.
"கடல் ஏறுதுன்னு நீங்க வந்துகிறீங்க.
ஆறு தூந்துபோச்சின்னு
ஒருத்தரும் வரலியே."
குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டு
என் வேலையைப் பார்த்தேன்.

நூற்றாண்டின் கடைசியில் தண்ணீர் எங்கே நிற்கும்?
ஒரு அறிக்கை சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை.
நான் ஒன்றேகால் மீட்டரை எடுத்துக்கொண்டேன்,
மார்புக்குச் சற்றுக் கீழே,
புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும்.

ரசமட்டம். சுண்ணாம்பு தடவிய கயிறு.
படகுக்கு அடிக்கிற நீல எனாமல் ஒரு லிட்டர்.
ஆண்கள் கடலில், பெண்கள் காசிமேட்டு ஏலத்தில்
இருக்கிற நேரம் பார்த்து
நாலாவது தெருவின் பதினேழு சுவரிலும்
ஒரே கோடு இழுத்தேன்.
கதவு வந்தால் நின்று, தாண்டி, மறுபடி தொடங்கி,
கரண்ட் மீட்டர் பெட்டியைக் குறுக்கே வெட்டி.
தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன்.
கேட்க வேண்டாம் என்றும்தான்,
இப்போது யோசித்தால்.

ஏழு மணிக்குத் தெருவே வெளியில் நின்றது.
யாருக்கும் கடல் ஞாபகம் வரவில்லை.
"அளந்துட்டுப் போய்ட்டானுங்க."
"எந்த ஆபீசு? கார்ப்பரேசனா, போர்டா?"
"பெரும்பாக்கமா, அதுக்கும் அந்தாண்டயா?"
ஒருத்தி உள்ளே ஓடி
ரேஷன் கார்டையும் பத்து வருசத்துக் கரண்ட் பில்லையும்
மஞ்சப் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றாள்.
இங்கே சுவரில் எண் விழுந்தாலும் கோடு விழுந்தாலும்
பின்னாலேயே லாரி வரும்.

முன்னால் போய்ச் சொன்னேன்: இது கலை.
அந்தச் சொல்லைக் கட்டளையாகவும் கேட்கலாம் என்று
அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் உறைத்தது.

தனகோட்டி மண்ணெண்ணெய் கேனோடு வந்தாள்.
திட்டவில்லை. என் கையில் பழந்துணியை வைத்து
"காயறதுக்குள்ள தொட" என்றாள்.
அவளும் தேய்த்தாள்.
எட்டாவது வீட்டில் கேட்டாள்,
"நெசமா இன்னா கோடு இது?"
தண்ணி வரப்போற உயரம் என்றேன்.
சிரித்தாளா இருமினாளா, தெரியவில்லை.
மணிக்கட்டைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

ஃபிரிட்ஜ் செங்கல்மேல் நின்றது. மூன்று வரிசை.
"மொதோ வரிசை அந்தப் பெரிய மழைக்கு.
ரெண்டாவது அடுத்த பொயலுக்கு.
மூணாவது, வெள்ளத்தோட ஆயில் வந்துச்சே, அப்போ."
அடிச் செங்கல்லில் கறுப்பு இன்னும் போகவில்லை.
"நாலாவது போடணும்.
செங்கல் இன்னா வெல விக்குது, தெரியுமா உனக்கு?"

தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு வீடாக, கேட்டுவிட்டுப் பார்த்தேன்.
இரண்டு. மூன்று. கோடி வீட்டில் ஐந்து.
ஒரு வீட்டில் செங்கல் மட்டும் இருந்தது,
ஃபிரிட்ஜ் அடகில்.

அறிக்கைப் படிவத்தில்
'உருவான படைப்பு' என்று ஒரு கட்டம்.
எழுதினேன்: கோடு ஒன்று. ஏறக்குறைய இருநூறடி.
அழிக்கப்பட்டது.
எனாமல் ஒரு லிட்டர், மண்ணெண்ணெய் மூன்று.
மண்ணெண்ணெய் தனகோட்டியுடையது, கடன் நிற்கிறது.

எழுதாமல் விட்டது:
பத்து மணிக்கு லாரி வந்தது. தண்ணீர் லாரிதான்.
எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள்.
பதினோராவது வீட்டில் யாரோ அவசரத்தில்
டிரம்மைச் சுவரோரம் தள்ளி, கல்மேல் ஏற்றி, நிரப்பிவிட்டார்கள்.
அதன் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக்
கோடு அப்படியே இருக்கிறது.
டிரம்மும் நீலம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

என் கண்ணில் பட்டது.
கையில் துணியும் இருந்தது.