ஊழிய வாஞ்சை: ஐந்து வரிகளுக்கு மிகாமல்

பெயர் தீத்து.
முழுசாகச் சொன்னால் காளிமுத்து மகன் தீத்து.
ஊர் வேதாளை, ஐஸ் பிளாண்டுக்குப் பின்பக்கம்.
அந்தப் பிளாண்டில்தான் எனக்கு இரண்டு விரல் போனது.
அப்பம் பிட்கையில் சபையார் பார்ப்பது
அப்பத்தையா, மிச்சமிருக்கும் மூன்று விரலையா
என்பது எனக்குத் தெரியும்.

தலைமை அலுவலகம் அனுப்பிய தாளில்
கோடுகள் ரொம்ப நேராக இருக்கின்றன.
பேனா மூடியைக் கடித்தே இரண்டு ராத்திரி போயிற்று.
சிப்போராள் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரட்சிக்கப்பட்ட தேதி கேட்கிறார்கள்.
தேதி தெரியாது. கச்சான் ஓயாத மாதம்.
பத்தொன்பது வயது, சீட்டாட்டக் கடன்.
கரையில் கட்டிக்கிடந்த வத்தையில் ஏறி
டேங்கில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி
இரண்டு கேன் டீசல் விற்றேன்.
அந்த ருசி இன்னும் போகவில்லை.
சில விடியற்காலம் ஜெபிக்க வாய் திறந்தால்
முதலில் அதுதான் வருகிறது.

வத்தை சீனி இபுராகிமுடையது.
மனோலித் தீவைத் தாண்டி எஞ்சின் நின்றிருக்கிறது.
இரண்டு பகல், இரண்டு ராத்திரி.
ஆறு வயசு மகனை ஆசைக்கு அழைத்துப் போன நாள் அது.
பயலை மடியில் போட்டுச் சாக்கால் மூடி
இருந்த தண்ணீரை மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்து
மனுஷன் மிதந்திருக்கிறார்.

இழுத்துக்கொண்டு வந்தபோது
கூட்டத்தில் நானும் நின்றேன்.
உதடு வெடித்து, புருவத்தில் உப்புப் பூத்து
இறங்கியவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.
என் சட்டையில் டீசல் வாடை.
அவர் மூக்குக்குத் தெரியாததா.

யாரோ நீட்டிய இளநீரில் பாதியைக் குடித்தார்.
மீதியை என் கையில் கொடுத்து,
"நீயும் ரெண்டு நாளா ஒண்ணும் குடிக்கல போல" என்றார்.

அவ்வளவுதான். போலீஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை.
ஞானஸ்நானம், மதுரையில் வேதாகமப் படிப்பு,
கல்யாணம், ஓலைக்கொட்டகை, பிறகு தகரக்கொட்டகை,
எல்லாம் அந்த இளநீருக்குப் பிற்பாடு.

"யார் மூலமாக" என்று ஒரு கட்டம்.
சீனி இபுராகிம் என்று எழுதினேன். அடித்தேன்.
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.
படிப்பவர்கள் பாடு.

ஆத்துமாக்கள்:
பாசி எடுக்கிற பெண்கள் பதினொரு பேர்,
ஆண்கள் இரண்டு,
மின்விசிறிக்காக வந்து உட்காரும் தவசி.
ஆராதனை நேரம் வத்தத்தைப் பொறுத்தது.
நிலா மாறினால் நானும் மாற்றுவேன்.
விரலில் சுற்றிய துணியோடு
முழங்கால் ஈரம் சொட்ட வருகிறவர்களுக்கு
நீளமாகப் பிரசங்கிக்க எனக்கு வாய் வராது.
மரிக்கொழுந்துப் பாசிக்கு என்ன விலை போட்டான்
என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபம்.

வாஞ்சை என்று கேட்டீர்களே.
படகுகள் கிளம்புமுன், இரண்டு மணி இருட்டில்
கரைக்குப் போய் ஒவ்வொரு டேங்காகத்
தட்டிப் பார்க்கிறேன். விரல் முட்டியால்.
நிறைந்தது மந்தமாகச் சொல்லும்,
காலி என்றால் கணீரென்று கேட்கும்.
கேட்ட இடத்தில் ஐந்து லிட்டர்.
காணிக்கைக் கணக்கில் இதை
"இதரச் செலவு" என்று எழுதி வருகிறேன்,
தணிக்கைக்கு வருகிறவர் மன்னிக்கவும்.

முதலில் தட்டுவது அந்த மகனின் வத்தையை.
சாக்குக்குள் கிடந்த பயலுக்கு இப்போது மீசை நரைக்கிறது.
அவன் வாப்பாவை அடக்கம் பண்ணியபோது
மையவாடி வாசல்வரை நானும் நடந்தேன்.
"என்ன பாஸ்டர், தினம் நம்ம டேங்குதானா முதல்ல"
என்று சிரிப்பான்.
சிரிப்பேன்.
இருபத்தேழு வருஷமாக
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐந்து வரி எப்போதோ தாண்டிவிட்டது.
தாளை மடித்து வைக்கிறேன்.
நாளைக்கு வத்தம் ஐந்தே முக்காலுக்கு.