ஒன்று என்று எழுதினால்

பிரிண்டர் செத்து ஆறு வருஷம்.
அதைச் செருகிய வாய் மட்டும்
கணினியின் முதுகில்
இருபத்தைந்து துளையோடு திறந்தே கிடந்தது.

இரண்டாம் துளையில் ஒரு கம்பி,
ஒரு டிரான்சிஸ்டர்,
கும்பகோணத்தில் வாங்கிய ரிலே.
ஒன்று என்று எழுதினால் டக்:
கொட்டகையில் மோட்டார் இருமிக்கொண்டு எழும்.
பூஜ்யம் என்றால் அடங்கும்.

நேற்றிரவு வலங்கைமான் முழுக்க
மின்சாரம் போய்த் திரும்பியது.
கணினி விழித்ததும்,
என் நிரல் ஏறுவதற்குள்,
யாரும் சொல்லாத ஒரு டக்.
விசைப்பலகையைக் காணோம்,
ஏதாவது விசையை அழுத்து என்று
திரை விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

தண்ணீர் வரப்பு வழிந்து
பக்கிரிசாமியின் வெடித்த வயலில் நின்றது.

வாய்க்கால் வழக்கில் மூன்று வருஷம் பேசாதவர்
கொட்டகை வாசலுக்கு வந்தார்.
"சரிபண்ணியாச்சா?"
சால்டரிங் கோலோடு நிமிர்ந்தேன்.
"இன்னும் இல்லை."

"ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.