உறை

பீல் நகர ஆஸ்பத்திரி, கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத அறை.
மணிக்கு இத்தனை பிராங்க் என்று பேசி வந்தவள் நான்,
இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு கதிரையில்.

கட்டிலில் தயாபரன்.
தை மாத உறைபனியில் பேக்கரி வாசலில் வழுக்கி
நாலு கிழமை மாவுக்கட்டு.
கட்டை வெட்டிய பின்னும்
இடது கெண்டைக்கால் வற்றவில்லை.
தொட்டால் சுடுகிறது.

டாக்டர் ஏஷ்லிமன் கூழ் தடவிக் கருவியால் அமுக்கினார்.
திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.
தமனி துடித்தது.
பக்கத்தில் சிரை,
அமுக்கினால் மூடவேண்டிய கண்,
மூடவில்லை.
மறுபடி அமுக்கினார்.
பிறகு அந்தச் சொல்: திரொம்போஸ்.
அறை முழுக்க என்னைப் பார்த்தது.

கட்டி என்றால் புற்றுநோய் என்று கேட்பார்.
இரத்தக்கட்டு என்றால், கதவு இடித்ததுபோல் எண்ணி
எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவார்;
தேய்க்கவே கூடாது.
அடைப்பு என்றால் நெஞ்சைப் பிடிப்பார்.

"இரத்தம் உறைஞ்சு போச்சு அண்ணை, கால் நரம்புக்குள்ள."
நரம்பு பிழை. தெரியும்.
சிரை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"பால் உறையும். அதுக்கு ஒரு கரண்டி மோர் விடவேணும்.
இதுக்கு ஆர் விட்டது?"

மோரை எப்படி ஜெர்மனுக்குக் கொண்டுபோவது?
ஏன் என்று கேட்கிறார், என்றேன்.
அசையாத கால், என்றார் டாக்டர். காயம். நாலு கிழமை.
ஓட்டம் குறைந்த இடத்தில் அது தங்கிவிடும்.
தங்குவதற்கும் உறைதல் என்றுதானே பெயர்;
அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வசனம் நீளம்:
அதிலிருந்து ஒரு துண்டு கழன்று, மேலேறி,
இதயத்தின் வழியே நுரையீரலுக்கு...
ஜெர்மனும் எங்களைப் போல
வினையைக் கடைசிவரை கைக்குள் வைத்திருக்கும்.
தயாபரன் என் வாயையே பார்த்திருந்தார்.
"போகலாம்," என்றேன்.
"போகாமல் இருக்கத்தான் குளிசை.
மூண்டு மாசம், காலமையும் இரவும்.
நெஞ்சு குத்தினால், மூச்சு இழுத்தால்
விடியட்டும் எண்டு இருக்கக் கூடாது.
நூற்றி நாற்பத்தி நாலுக்கு அடியுங்கோ."

விரலில் எண்ணினார்.
"என்ரை வதிவிட அனுமதி ரெண்டு மாசத்தில முடியுது.
இது ஒருத்தரையும் கேக்காமல் குடியேறியிட்டுது."

சிரித்துவிட்டேன். என்ன என்றார் டாக்டர்.
சொல்லிப் பார்த்தேன். பாதிதான் போய்ச் சேர்ந்தது.
மரியாதைக்குப் புன்னகைத்து
முழங்கால்வரை இறுக்கும் காலுறை ஒன்றை நீட்டினார்.

வேலைத்தாளில் நாற்பது நிமிடம் என்று எழுதி
கையெழுத்து வாங்கி வெளியே வந்தால்
பஸ் தரிப்பில் தயாபரன்,
கம்பியைப் பிடித்தபடி
குதிகாலை உயர்த்தி, இறக்கி, உயர்த்தி.
பஸ்ஸுக்கு இன்னும் ஒன்பது நிமிடம்.
பக்கத்தில் நின்று
நானும் உயர்த்தினேன்.