உங்கள் பொருள் வந்து சேர்ந்தது

ஜூலையில் ஃப்ரெஸ்னோவின் தார்ச்சாலை
இளகிச் செருப்பில் ஒட்டும்.
நானே ஒட்டிக் கிடந்தேன் ஒரு நாள்,
மாலை நாலு முப்பத்தேழுக்கு,
ஒரு டெலிவரி வண்டியின் பின்சக்கரத்தோரம்.
இடுப்பில் இப்போது மூன்று திருகாணிகள்.

முதலில் அழைத்தவர் க்ளென்.
காப்பீட்டுக் கம்பெனி. இதமான குரல்.
"எப்படி இருக்கிறீர்கள், ஆர்ப்பினே?"
"பரவாயில்லை" என்றேன்.
நலம் கேட்பவரிடம் வேறென்ன சொல்வார்கள்?
அந்தப் பரவாயில்லை
ஒலிப்பதிவில் இருக்கிறது இன்றும்,
என் எலும்புகளுக்கு எதிர்சாட்சியாக.

எட்டாம் நாள் காசோலை. நாலாயிரம் டாலர்.
கூடவே ஒரு தாள், எறும்பு எழுத்தில்:
இதை வாங்கினால் எல்லாம் தீர்ந்தது,
இன்று தெரிந்த வலியும்
இனிமேல் தெரியப்போகும் வலியும்.
வாடகை பாக்கி இருந்தது.
பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
நான் பல்செட் செய்கிறவள்.
அளவெடுக்கும் முன்பே விலை பேசுகிறவனை
எங்கள் தொழிலில் யாரும் நம்புவதில்லை.

வக்கீல் ரோசலிண்ட் பாக்காவின் அலுவலகம்
டயர் கடைக்கு மேல் மாடி. லிஃப்ட் இல்லை.
அவளே இறங்கி வந்து
டயர் அடுக்கில் உட்கார்ந்து கேட்டாள் எல்லாவற்றையும்.
ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு,
தோற்றால் எனக்குக் கூலி இல்லை.
இனி யாரிடமும் வாயைக் கொடுக்காதே.
வழக்குப் போட இரண்டு வருஷம் இருக்கிறது,
ஆனால் வண்டியின் கேமராவுக்கு
அவ்வளவு ஞாபகசக்தி இருக்காது.
அன்று மாலையே கடிதம் போனது:
எதையும் அழிக்காதீர்கள்.

யார் மேல் வழக்கு?
வண்டியில் வரைந்த பெயர் ஒன்று.
வண்டிப் பதிவு வேறொன்றில்.
சம்பளச் சீட்டில் மூன்றாவது,
மடேராவில் ஒரு தபால்பெட்டிதான் அதன் விலாசம்.
பெரிய கம்பெனி பதில் எழுதியது:
ஓட்டியவர் எங்கள் ஆள் அல்ல.
சட்டை அவர்களுடையது, தொப்பி அவர்களுடையது,
சட்டைக்குள் இருந்தவன் மட்டும் யாரோ.

அந்த யாரோவின் பெயர் டெவிட்டா. வயது இருபத்திரண்டு.
என் முகத்தில் வெயில் படாமல்
குனிந்து மறைத்தபடி இருந்தான்,
முழங்கால் தாரில் பொசுங்க.
அவன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.
எழுதித்தான் ஆகவேண்டும் என்றாள் ரோசலிண்ட்,
நூலைப் பிடித்தால்தான் கண்டு உருளும்.

என் பங்கும் உண்டு. மறைக்கவில்லை.
நடக்கலாம் என்று வெள்ளை மனிதன் ஒளிரும் முன்
ஒரு மூச்சு முந்திக் காலை வைத்தேன்.
நூற்றுக்குப் பதினைந்து என் தவறு,
அதைக் கழித்துக்கொள்ள வேண்டுமாம்.
இருபது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
என்னை வைத்துக்கொண்டே பேரம்.

பிப்ரவரியில், தூக்கம் வராத ஓர் இரவு,
கைபேசியில் பழைய செய்திகளை அழித்துக்கொண்டிருந்தேன்.
அன்றைய தேதி.
'உங்கள் பொருள் வந்து சேர்ந்தது.'
ஐந்து மணி ஒன்பது நிமிடம்.
கீழே படம்: என் கதவு, என் மிதியடி,
நான் கேட்டிருந்த மெழுகு உருக்கும் விளக்கின் பெட்டி.

என்னை இடித்த வண்டியில் இருந்த பெட்டி.

ரோசலிண்ட் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.
வாக்குமூலத்தின்போது டெவிட்டாவைக் கேட்டாள்:
நீ நின்றுவிட்டது யாருக்கு, எப்போது தெரிந்தது?
மூன்றாம் நிமிடம் கருவியில் வந்தது: ஏன் நிற்கிறாய்?
ஆறாம் நிமிடம்: இன்னும் நாற்பத்தொரு பெட்டிகள்.
பன்னிரண்டில் வேறொரு வண்டி வந்தது,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது,
இந்த அம்மாவைச் சுற்றி வளைந்து.
ஆம்புலன்சை யார் கூப்பிட்டது?
நான்தான், என்றான். அதற்கும் கேட்டார்கள்,
ஏன் இன்னும் நிற்கிறாய் என்று.

தட்டச்சு செய்த பெண்
ஒரு கணம் விரல் நிறுத்தி, பிறகு தொடர்ந்தாள்.

பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை.
மேலே மஞ்சள் வில்லை: சான்று பதினொன்று.
தொகை வந்தால் வக்கீல் பங்கு முதலில்,
பிறகு மருத்துவமனை, கடைசியில் நான்.
வரிசையில் நிற்க இப்போது ஒரு கைத்தடி போதும்.
விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
மறுபடியும் ஜூலை.
கெட்டி அடியுள்ள செருப்பு ஒன்று வாங்கவேண்டும்,
கடைக்கு நடந்தே போய்.