ஆளுக்கு இரண்டு வரி

ஏற்காட்டு ரிசார்ட் மேனேஜர் போனில் கேட்டார்:
அட்டையில் போட வேண்டும்,
ஆளுக்கு இரண்டு வரி, இசைப் பின்னணி.
அப்படியே ஒரு சந்தேகம்,
கன்ட்ரி ராக் என்றால் எந்த கன்ட்ரி?
சேலம் மேற்கு என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார் போல.

எனக்கு எழுத்து வராது.
ஐந்து ரோட்டில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்,
ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட்.
குழுவில் பில் புக் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால்
பேனாவும் என்னிடம் வந்தது.
பில்லின் பின்பக்கத்தில் தொடங்கினேன்.

டெரன்ஸ். பாட்டு, கிடார்.
சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸ்.
ஞாயிறு இரண்டாம் பூசையில் ஆறு வருஷம் வாசித்தான்.
நற்கருணைப் பாட்டில் ஒரு சுரத்தை வளைத்ததற்கு
பாடகர் குழுவை விட்டு நிறுத்தினார்கள்.
அதை இன்னும் வளைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இதுவே ஆறு வரி.

முனிவேல், டிரம்ஸ்.
குகையில் பேண்டு செட். பதினோரு வருஷம்
கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடந்தபடியே அடித்தவன்.
ஸ்டூலில் உட்காரவைத்தால் தாளம் படுத்துவிடும்.
முதல் வருஷம் முழுக்க நின்றுகொண்டே வாசித்தான்;
பெடலுக்கு ஒரு கால், நடக்க ஒரு கால்.
இப்போது உட்காருகிறான்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் முகத்தோடு.

ஹேமலதா, வயலின், அம்மாப்பேட்டை.
வீட்டில் சௌராஷ்டிரம், பேங்கில் தமிழ், வில்லில் தெலுங்கு.
பதினான்கு வர்ணம் பாடம், அதற்கப்புறம் கிளார்க் பரீட்சை.
அக்கா, அந்தச் சுரத்தை ஆட்டாம நேரா நிறுத்துங்க
என்று டெரன்ஸ் கெஞ்சினான்.
நேரா நிக்கிறது கரண்டு கம்பம், சுரம் இல்ல
என்றாள்.
இரண்டு மாதம் பேச்சில்லை.
இப்போது அதே இடத்தில்
அவன் ஒரு பக்கம் இழுக்க அவள் ஒரு பக்கம் அசைக்க
ஜனங்கள் கைதட்டுகிறார்கள்.
எனக்கு மட்டும் ஸ்பீக்கர் கிழிகிறதோ என்று பயம்.

தாமோ. மடியில் கிடத்தி வாசிக்கும் கிடார்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
கோப்பதற்கு முன் ஒவ்வொரு மணியையும் காதருகே ஆட்டி
ஊமை மணியைத் தனியே ஒதுக்குவது வேலை.
கம்பிமேல் வழுக்கிவிட வெள்ளியில் குழாய் அடித்தான்.
நாலே கச்சேரி. கம்பி வெள்ளியைத் தின்றுவிட்டது.
முதலாளியின் எடைக் கணக்கில்
அந்த ஒன்றரை கிராம் இன்னும் தீரவில்லை.
இப்போது ஸ்டெயின்லெஸ், உருக்காலைக் கழிவு.

காளியண்ணன், பேஸ் கிடார்.
பின்னணி கிடையாது.
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் இரவு ஷிஃப்ட்;
மெஷின் ஓட்டத்தோடு சேர்ந்து முனகுவான்.
டெரன்ஸ் ட்யூனர் வைத்துப் பார்த்தான்: கீழ் ஈ,
மயிரிழை பிசகில்லை.
வோல்டேஜ் குறைந்தால் மட்டும் அரைச் சுரம் இறங்குவானாம்.

போனில் படித்துக்காட்டினேன்.
கொலுசு வரும்போதே மேனேஜர் சரி சரி என்றார்.
அட்டையில் வந்தது:
நேரடி இசை, இரவு எட்டு மணி.
பார்பிக்யூ தனிக் கட்டணம்.

கச்சேரி நடந்தது.
பனி புல்தரைவரை வந்து நின்றது.
ஸ்பீக்கருக்கு எதிரிலேயே ஒரு குழந்தை தூங்கியது.
பாக்கி ஆயிரத்து ஐந்நூறு, திங்கட்கிழமை தருவார்களாம்.

இறங்கும்போது பதினாலாம் வளைவில்
பிரேக் தீய்ந்த வாடை. வேனை ஓரங்கட்டினோம்.
சக்கரம் ஆறும்வரை முனிவேல்
அடுத்த வளைவுவரை போவதும் வருவதுமாக இருந்தான்.
இருட்டில் செருப்புச் சத்தம் மட்டும்,
நாலுக்கு ஒருமுறை தார்மேல் ஒரு சின்ன இழுப்பு.
ஹேமலதா கண்ணாடியை இறக்கினாள்.
அது எந்தப் பாட்டுடா?
பாட்டு இல்லக்கா, நடை.

பின் சீட்டில் கண்மூடியிருந்த காளியண்ணன்
அதற்குள் முனக ஆரம்பித்திருந்தான்.