முப்பத்திரண்டு

கடையில் எல்லோரும் பூங்கொடியிடமே பேசினார்கள்.
"மேடம், இது கேலக்ஸி. மேடம், இது இத்தாலி.
கை வச்சுப் பாருங்க மேடம்."
என் பக்கம் திரும்பினால் சதுர அடி விலை.

வீட்டில் சமைப்பது நான்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் டீ வந்துவிட்டது.

சுவரை எடுத்துவிடலாம் என்றது அவள்தான்.
ஜங்ஷனில் முன்பதிவு ஜன்னல்.
காலை எட்டு மணியிலிருந்து கண்ணாடி,
கண்ணாடியில் கை நுழையும் ஓட்டை,
ஓட்டை வழியே தட்கல், கெஞ்சல், சில்லறை.
"வீட்லயாவது நடுவுல ஒண்ணும் வேணாம்."
மாதையன் மேஸ்திரி இரண்டு நாளில் இறக்கிவிட்டார்.
கூடத்துக் காற்று அடுப்படிக்கு வந்தது.
கடுகு வெடிப்பது டிவி வரைக்கும் போனது.

என் வேலை உருக்காலையில்,
தகட்டின் முகம் பார்ப்பது.
குழல்விளக்கு வரிசைக்குக் கீழே அது ஓடிக்கொண்டே இருக்கும்:
மயிரிழைக் கீறல், எண்ணெய்ப் புள்ளி, உருளை விட்ட தழும்பு.
இருக்கிறதா என்று தேடுவதில்லை,
எங்கே என்றுதான்.
பதினெட்டு வருஷம்.
"ஸ்டீல்லயே மேடை போட்டுருய்யா" என்றார்கள் ஷிஃப்டில்.
போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
ராத்திரி ரசத்தை இறக்கிவைத்துவிட்டு
டார்ச் அடித்துக் குனிந்து நிற்பேன்.

நாலு துண்டு கல் கேட்டு வாங்கிவந்து
வாஷிங் மெஷின் மேல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.
மார்பிள்மேல் அரை எலுமிச்சையைக் கவிழ்த்ததில்
காலையில் ஒரு வட்டம்; கறை கிடையாது,
அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு எழுந்துபோயிருந்தது.
வெள்ளை குவார்ட்ஸ் மஞ்சளை விடவில்லை.
தட்டுவடை செட் வாங்கிய அன்று
மிச்சமிருந்த பீட்ரூட்டையும் அப்பினேன்,
அதையும் கொஞ்சம் வைத்துக்கொண்டது.
பாலிஷ் கறுப்பு எதையும் குடிக்கவில்லை.
ஆனால் போர்த்தண்ணீர் காய்ந்த வெள்ளை வளையம்,
என் ஐந்து விரல், மேலே சுற்றும் ஃபேன்,
எல்லாம் எழுத்துமூலமாக.

நாலாவது, லெதர் ஃபினிஷ்.
கறுப்புதான், மேடுபள்ளமாக.
விளக்கைக் காட்டினால் விளக்கைத் திருப்பித் தராது.
மறுபடி கடைக்குப் போனபோது
முழுப் பலகை இரும்புச் சட்டத்தில் சாய்ந்திருந்தது,
அதற்கு மேலே, மழை விட்ட சேர்வராயன்,
அதே தோலோடு.
"இதுல அழுக்கே தெரியாது, சார்."
முதல்முறையாக, சார்.

பூங்கொடிக்கு அங்கேதான் பிடிக்காமல் போனது.
"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"
வண்டியில் அஞ்சு ரோடு வரை பேச்சில்லை.
சிக்னலில் சொன்னேன்:
நாள் முழுக்கக் கண்ணால பாக்கறவன் நான்.
வீட்ல கொஞ்சம் பாக்காம இருக்கேனே.
பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
அவள் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி அந்தத் துண்டின் மேல்
கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினாள்.
ஒரு மூலையில் நின்றாள்.
"இட்லி மாவு."
நகத்தால் சுரண்டி எடுத்தாள்.
"சரி. கை சொல்லுது. இதையே போடு."

கல் வந்த அன்று மேஸ்திரி
செங்கல் சுவரில் பென்சிலால் 32 என்று எழுதினார்.
"மேடம், இப்படி வந்து நில்லுங்க,
முழங்கை எங்க வருதுன்னு பாத்துக்கறேன்."
அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து
அடுப்பு வரப்போகும் இடத்தில் நிறுத்தினாள்.
"இவரை அளங்க."

மாதையன் என்னைப் பார்த்தார்.
டேப்பைப் பார்த்தார்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
32-ஐக் குறுக்கே அடித்து
மேலே 35 போட்டார்.

இப்போது டைல்ஸ் ஒட்டியாயிற்று.
வெங்காயம் நறுக்கும்போது முதுகு வலிப்பதில்லை.
பூங்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தால்
மேடை அவள் நெஞ்சுவரை வருகிறது,
அதில் கையூன்றி அன்றைக்கு வந்த ஆட்களைச் சொல்கிறாள்.
நான் பருப்பைக் கடைகிறேன்.
டைல்ஸுக்குப் பின்னால் இருக்கிறது அந்த 32,
அடித்த கோட்டோடு.